ஒன்பது கிலோமீட்டர் சபுர்

இருபத்தோரு வருடம் ஷார்ஜாவில் இருந்தவன் நான். அந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தேறாது. கம்பெனி பஸ் ஓட்டினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது அல்ல. இது அய்யம்பேட்டையில் என் வீட்டு வாசலில் தொடங்கி, குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரைஸ் மில்லில் முடிகிறது. வாகனம் சைக்கிள். எழுத இதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் வெளிநாடு போவதைச் சபுர் என்பார்கள். போனவன் சபுராளி. சபுராளி விடுமுறையில் ஊருக்கு வந்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "பயணம் எப்ப?" பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டோம், திரும்பிப் போகும் தேதியைக் கேட்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, வாய்ப்பழக்கம். ஆனால் கேட்கக் கேட்க நம் வீட்டுக்கு நாமே விருந்தாளியாகிவிட்டது போல இருக்கும்.

ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு அந்தக் கேள்வி நின்றது. அதற்குப் பதில் வேறொன்று முளைத்தது. "வண்டி என்னாச்சு பாய்?" எங்கள் பக்கம் வண்டி என்றால் மோட்டார் வைத்ததுதான். சைக்கிள் அந்தக் கணக்கில் வராது. சைக்கிளில் போகிறவன் வண்டியை ரிப்பேருக்கு விட்டிருக்கிறான், அல்லது விற்றுவிட்டான். மூன்றாவது காரணம் யாருக்கும் தோன்றுவதில்லை.

என் காரணம் மூன்றாவது. ஷார்ஜாவில் விடிகிற நேரத்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு துபாய்க்குக் கிளம்புவேன். கொஞ்ச நேரத்தில் ரோடு அடைத்துக்கொள்ளும். ஐம்பது பேரும் தூங்குவார்கள். நான் மட்டும் முன்னால் நிற்கும் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது ஓரமாக ஒரு பங்களாதேஷ்காரர் சைக்கிளில் போவார். தோட்ட வேலை செய்கிறவர். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை ஆடும். என்னைக் கடக்கும்போது மணியை ஒரு தட்டு தட்டி, "டிரைவர் சாப், இன்னிக்கும் இங்கயேதானா?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டுவிட்டுப் போய்விடுவார். நாலு வருடம் அந்த மணியைக் கேட்டேன். ஏசி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு சைக்கிள்காரர்மேல் வயிறெரிந்த ஆள் நான். ஊருக்குப் போனால் வேலைக்குச் சைக்கிளில்தான் போவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே வந்ததும் மில்லில் டிரையர் பார்க்கிற வேலை கிடைத்தது. அவித்த நெல்லைக் காயவைக்கும் இயந்திரம் அது. அங்கே டிரைவர், இங்கே டிரையர். மாறியது ஓர் எழுத்துதான் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். வீட்டில் வண்டிக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு ஸ்கூட்டரை என் மனைவி ஜரீனாவும் காலேஜ் படிக்கும் மகள் இர்ஃபானாவும் ஓட்டுகிறார்கள். மகன் அப்பாஸின் பைக் உறை போட்டபடி நிற்கிறது. நான் வாங்கியது பச்சை நிறத்தில் ஒரு புது சைக்கிள். பின்னால் கேரியர், முன்னால் டைனமோ விளக்கு, ஓங்கித் தட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் மணி.

வினை ஒரு போட்டோவில் வந்தது. தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சின்ன ரோடுகள் களமாகிவிடும். அறுத்த சம்பா நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைப்பார்கள். வண்டிக்காரர்கள் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு அது ஆகாது. நெல்லைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்பது ஒன்று. டயர் ஏறின நெல் அரைக்கும்போது நொய்யாக உடையும் என்பது இன்னொன்று. அது நாளைக்கு என் டிரையருக்கு வரப்போகிற நெல். அதனால் ரோடு முழுக்க நெல்லாக இருந்தால், செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, கைலியை மடித்துக் கட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஓரமாக வெறுங்காலோடு நடந்து அந்தப் பக்கம் போவேன்.

இதை யாரோ ஒரு புண்ணியவான் படம் எடுத்து எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். "இருபது வருஷ சபுராளி நெலமையப் பாருங்க" என்று ஒரு வரி, கீழே மூன்று அழுகிற பொம்மை. நான் மில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் தோஹாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தோஹாவில் இருந்தவன் அப்பாஸ். ஏசி மெக்கானிக். ஐந்து வருட கான்ட்ராக்ட் முடிந்திருந்தது. மூன்று வருடம் நீட்டிக்கிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. அவன் ஊருக்கு வருகிற வாரத்தின் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போனிலேயே சம்மதம் சொன்னால் திரும்பிப் போகலாம், சொல்லாவிட்டால் ஊரோடு இருந்துவிடலாம். இருந்துவிடுவது என்றுதான் முதலில் முடிவு. பாபநாசத்தில் ஏசி சர்வீஸ் கடை போடுவதாக இருந்தான், பெயர்ப்பலகைக்கு நிறம்கூட யோசித்துவிட்டான். படத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அத்தாவ ரோட்டுல சைக்கிள் தூக்க வுட்டுட்டு நான் ஊர்ல கடை தொறக்கவா? நான் லீவு முடிஞ்சு இங்கயே திரும்பிர்றேம்மா."

நான் ஆசைப்பட்டு ஏறிய சைக்கிள், என் பிள்ளையைப் பிளேனில் ஏற்றப் பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். கட்டிப்பிடித்தான், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தான். "உண்மையச் சொல்லுங்கத்தா. என்ன கஷ்டம்?" என்றான். ஒரு கஷ்டமும் இல்லை என்று சிரித்தேன். சிரித்தால் மறைக்கிறீர்கள் என்றான். சிரிக்காமல் சொன்னேன், முகம் வாடியிருக்கிறது என்றான். இதற்குமேல் ஒரு தகப்பன் என்ன செய்வது? இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நான் சைக்கிளை எடுத்தேன். அவன் பைக்கின் உறையை எடுத்தான். "ஏறுங்க, வுட்டுட்டு வரேன்" என்றான். நான் ஏறவில்லை. உடனே அவன் பைக்கை ஸ்டார்ட் செய்து என் பின்னாலேயே வரத் தொடங்கினான். நான் மிதிக்கிற வேகத்தில் அவன் வண்டி உறுமிக்கொண்டு ஊர்கிறது. மந்திரிக்குப் பின்னால் போலீஸ் போகிற மாதிரி ஒன்பது கிலோமீட்டர். பாலத்தில் மீன் வாங்க நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டெல்டாவில் மலை என்று இருப்பது பாலம் ஒன்றுதான். அந்த ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கியதை அவன் பின்னால் இருந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான்.

மில் திருப்பத்தில் கோவிந்தராசு டீக்கடை. காலையில் சுழியனும் டீயும் அங்கேதான். உள்ளே வெல்லப்பூரணம் கைசுடும், வெளியே மொறுமொறுவென்று இருக்கும். ஷார்ஜாவில் நாலு நாட்டுப் பலகாரம் தின்றிருக்கிறேன், இதற்கு ஈடு கிடையாது. கோவிந்தராசு அப்பாஸைப் பார்த்ததும் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"வாங்க தம்பி. பயணம் எப்ப?"

"பதினஞ்சு நாள்ல போயிருவேண்ணே" என்றான் அப்பாஸ். கடித்த சுழியனைத் தாளிலேயே திரும்ப வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல பனி. எதிரே வருகிறவர் மூக்கு தெரிந்தால்தான் ஆள் தெரியும். அன்றைக்கும் பின்னால் வந்தான். பாலம் தாண்டியதும் ஓர் அறுப்பு மிஷின் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஆமை போலப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு மினிபஸ், இரண்டு கார், அப்பாஸின் பைக். நான் வாய்க்கால் கரையில் இறங்கி, வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே புகுந்து, மிஷினுக்கு முன்னால் போய் ரோட்டில் ஏறினேன். திரும்பிப் பார்க்காமல் மணியை ஒரு தட்டு தட்டினேன். அந்தப் பங்களாதேஷ்காரர் இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். அப்பாஸ் வந்து சேர்ந்தபோது நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

ரொம்பத் துள்ளினால் என்ன ஆகும் என்பதைப் புதன்கிழமை காட்டியது. அன்றைக்கு அவன் வரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். பாதி வழியில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் அல்ல, வால்டியூப் போய்விட்டது. காற்று போகும் இடத்தில் மாட்டுகிற சுண்டுவிரல் நீள ரப்பர். நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு பைக்காரர்கள் நிறுத்தி, "ஏறுங்க பாய், சைக்கிள இங்கயே வுட்டுட்டு வாங்க" என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏறியிருக்கலாம். ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன். அது பெருமை இல்லை, வீம்பு.

முக்கால் மணி நேரம் தாமதம். டிரையரில் இருந்த நெல் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்த்தேன், பல்லில் கல்லாகத் தெறித்தது. அரைத்தால் பாதி உடையும். மேனேஜர் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. "பாய், நாளைலேருந்து வண்டில வாங்களேன்" என்று மட்டும் சொன்னார். ஊர் சொன்னதையெல்லாம் சிரித்துத் தள்ளியவன் நான். அதை மட்டும் தள்ள முடியவில்லை. என் வேலையில் என்னால் குறை வந்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் வெடித்தது. மில் விஷயம் அப்பாஸ் காதுக்குப் போயிருந்தது.

"பாத்தீங்களா? மேனேஜரே சொல்லிட்டாரு. எதுக்குத்தா இந்தப் புடிவாதம்? நான் மூணு வருஷம் போய்ட்டு வரேன். நீங்க வீட்ல இருங்க. நீங்க இருபத்தோரு வருஷம் இருக்கலயா?"

"இருந்தேன்டா. நீ ஒண்ணாவது சேந்தத போன்ல கேட்டேன். கை ஒடிச்சுக்கிட்டத போன்ல கேட்டேன். மீசை மொளச்சத போட்டோல பாத்தேன். ஐம்பது பேர தினம் வேலைக்குக் கொண்டுபோய் வுட்டவன், பெத்த புள்ளய ஒரு நாளு சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடத்துல வுட்டிருக்கனா? அதுதான்டா எனக்குப் பஞ்சம். சைக்கிள் இல்ல."

ஜரீனா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அப்பாஸ் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். இவ்வளவு நாள் அவனிடம் சொல்லாததை இப்படிக் கத்தியா சொல்வது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் போய், இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பி வருகிறேன், பையில் வால்டியூபும் பம்பும் இருக்கிறது, இன்னொரு நாள் தாமதமானால் நீங்கள் சொல்லவே வேண்டாம், நானே வண்டிக்கு மாறிவிடுகிறேன் என்றேன். அவர் என்னையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்றார். டிரையருக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் மோட்டார் இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும். சாயங்காலம் வீட்டில் அதை ஜரீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாஸ் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கம்பெனி அனுப்பிய சம்மதப் பக்கம் அதில் திறந்திருந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தால், அப்பாஸ் குந்தி உட்கார்ந்து ஒரு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இர்ஃபானா பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேடீஸ் சைக்கிள். இரண்டு வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. சீட்டை உயர்த்தி, காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருந்தான். முன்னால் இருக்கிற கூடையில் அவனுடைய டூல்ஸ் பை.

"அந்த மோட்டார ஒரு பார்வ பாக்குறேன்" என்றான் என் முகத்தைப் பார்க்காமல். "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குல்ல."

நான் என் சைக்கிளை எடுத்தேன். ஏதாவது சொன்னால் கெட்டுவிடுமோ என்று பயம்.

தோஹாவில் வாங்கிய வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, தங்கச்சி சைக்கிளில், ஆறடி ஆள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. முதல் கிலோமீட்டர் கோணல்மாணலாக வந்தான். பாலத்து ஏற்றத்தில் பாதியில் இறங்கிவிட்டான். நான் உச்சிக்குப் போய்க் காத்திருந்தேன். இருபத்தாறு வயதுக்காரன் நாக்குத் தள்ள வந்து நின்று, "தினமுமா ஏர்றீங்க?" என்று கேட்டான். தினமும் இரண்டு தடவை என்றேன். குடமுருட்டியில் பாதி ஆற்றுக்குத் தண்ணீர், பாதிக்கு மணல், அதன் மேல் புகை மாதிரிப் பனி. இறக்கத்தில் இரண்டு பேரும் மிதிக்காமல் விட்டோம். காற்றில் அவன் ஏதோ சத்தம் போட்டான். என்னவென்று கேட்கவில்லை, சந்தோஷமான சத்தம்தான்.

இரண்டு வளைவு தாண்டினால் மலர்க்கொடியின் நெல். ஒன்றரை மா குத்தகை நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். வழக்கமாக ரோட்டில் பாதியை வழிக்கு விட்டுக் கொட்டுவார், நெல் கூடுதலான நாளில்தான் ரோடு முழுக்கப் பரவும். அன்றைக்கு மூட்டையெல்லாம் பிரித்து ஓரத்துக்கு ஓரம் பரப்பிவிட்டு, வண்டி ஏறாமலிருக்கக் கல் வைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். அப்பாஸிடம் சொல்ல வேண்டுமே என்று திரும்பினேன்.

அவன் அதற்குள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஷூவையும் லேஸால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டான். பேண்ட்டை மடித்துவிட்டான். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தான். கூடையிலிருந்த டூல்ஸ் பை காதில் இடித்தது. யாரும் சொல்லித்தரவில்லை, நான் சொல்லித்தர ஊரில் இருந்ததும் இல்லை. இந்த மண்ணில் பிறந்த கால், நெல்லைப் பார்த்ததும் தானாகவே ஷூவைக் கழற்றிவிட்டது. அந்தப் பெருமையை எந்த ஊர் ஏர்போர்ட்டிலும் நான் அடைந்ததில்லை.

"யாரு பாய், மவனா?" என்றார் மலர்க்கொடி. "மொகத்துலயே தெரியுது. தம்பி, ஓரமா வாங்க, கால்ல குத்தும். நேத்துதான் ஒரு காருக்காரன் நடுவுல ஏத்திட்டுப் போறான், கேட்டா ஆரன் அடிக்கிறான். பாய் மட்டும் ஒரு நாளு என் நெல்லுல சக்கரத்த வச்சதில்ல."

அப்பாஸ் அப்படியே நின்றுவிட்டான். தோளில் சைக்கிள், கழுத்தில் ஷூ. என் தோளில் இருந்த சைக்கிளைப் பார்த்தான், அதன் ஹேண்டில்பாரில் தொங்கிய செருப்பைப் பார்த்தான்.

"அந்த போட்டோ இங்க எடுத்ததாத்தா?"

"ஆமா."

"இதுக்காகவா தூக்குனீங்க?"

"பின்ன எதுக்கு? பாரம் தூக்கிப் பழகுறேன்னு நெனச்சியா?"

அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கச் சைக்கிள் ஆடியது. அக்கரை போனதும் மலர்க்கொடியிடம் போனைக் கொடுத்து, திரும்பவும் சைக்கிளைத் தோளில் ஏற்றி என் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னான். அங்கேயே அதைத் தெருக் குழுவில் போட்டான். மேலே ஒரே வரி எழுதினான். "இப்ப ரெண்டு சபுராளி."

கோவிந்தராசு கடைக்குப் போனபோது மணி ஏழு ஐந்து. சீக்கிரம்தான். அவர் லேடீஸ் சைக்கிளைப் பார்த்தார், அப்பாஸின் வெறுங்காலைப் பார்த்தார். ஷூ இன்னும் கழுத்தில்தான் தொங்கியது, போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை போல. இரண்டு சுழியனைத் தாளில் வைத்து நீட்டினார். வண்டி என்னாச்சு என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பழக்கம் விடுமா? திங்கட்கிழமை கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"அப்பறம் தம்பி, பயணம் எப்ப?"

அப்பாஸ் போனை எடுத்தான். அந்தச் சம்மதப் பக்கம் திறந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினான். போனைக் கூடையில் டூல்ஸ் பைக்கு அடியில் செருகிவிட்டு, சுழியனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"சாயங்காலம் அஞ்சரைக்குண்ணே."

"இன்னிக்கேவா?" கோவிந்தராசு ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டார். "என்ன தம்பி இவ்ளோ அவசரம்? எந்த ஃப்ளைட்டு?"

"ஃப்ளைட்டு இல்லண்ணே" என்றான் என் மகன். "அத்தாகூட, சைக்கிள்ல. வீட்டுக்கு."